எலுமிச்சை வாசனை அடித்த பாட்டில்

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான அக்காவுக்கு 'மூணுகுலுக்கு' என்று பட்டப்பெயர். விரிகுடாவில் எந்த இடத்துத் தண்ணீரைப் பிடிக்கிறாரோ, அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று தரம் குலுக்கிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்புவார். படகு ஆடி எனக்குக் குடல் வாய்க்கு வந்தாலும் சரி, இரண்டோடு நிறுத்த மாட்டார். "உனக்கு வாந்தி வந்தா தண்ணி என்ன பண்ணும்?" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு வந்த சோதனை, சொந்த அண்ணனின் மீன் கூண்டுகள். விரிகுடாவின் உள்மூலையில், நீரோட்டம் இல்லாத இடத்தில் அவை மிதந்தன. தீவனமும் கழிவும் சேர்ந்து பாசி மண்டுகிறது, சிப்பி சாகிறது என்று சிப்பி எடுக்கும் பெண்கள் புகார் கொடுத்தார்கள். பாசியை வளர்க்கும் பாஸ்பேட் உப்பு தண்ணீரில் வரம்பைத் தாண்டினால் கூண்டுகளை அங்கிருந்து எடுத்தாக வேண்டும். அண்ணனுக்கு அதைவிட்டால் வேறு பிழைப்பில்லை. வேறு ஆளை அனுப்பச் சொல்லி அக்கா கேட்டுப் பார்த்தார். இருப்பதே நீங்கள் இரண்டு பேர், அதில் ஒன்று படகில் ஏறினால் படுத்துவிடுகிறது என்று மேலாளர் என்னைப் பார்த்தார்.

முதல் சுற்றுத் தண்ணீரில் மருந்தை விட்டதும் எல்லாக் குழாய்களும் நீலமாயின. நீலம் கூடினால் பாஸ்பேட் கூடுதல். கூண்டுப் பக்கம் நீலம் வந்தால் நியாயம். விரிகுடாவுக்கு வெளியே, திறந்த கடலில் பிடித்த தண்ணீரும் அதே நீலம். அங்கே நிறமே வரக் கூடாது. அக்கா பாட்டில் மூடியைத் திறந்து முகர்ந்தார். எலுமிச்சை வாசனை. மூடிக்குள் ரப்பர் வளையத்துக்கு அடியில் சோப்புத்தூள் ஈரமாக அப்பியிருந்தது. எத்தனை குலுக்கினாலும் அது போகாது.

பாட்டில் கூடை, தண்ணீர் பிடிக்கப் போவதற்கு முந்தின நாள் அக்கா வீட்டு வாசலில் இருந்தது. மாடியில் அண்ணன் குடும்பம். கேட்டதும் அண்ணன் பெருமையாகவே சொன்னார்: "நான்தான் தேய்ச்சுக் கழுவினேன். பாட்டில் பளிச்சுனு இருந்தா தண்ணியும் நல்லா காட்டும்ல?" சோப்புத்தூளிலேயே பாஸ்பேட் இருப்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்.

மறுபடி எடுத்தால் அண்ணனைக் காப்பாற்றுகிறாய் என்று ஊர் வாயில் போட்டு மெல்லும், பேசாமல் இதையே எழுது என்றார் மேலாளர். அக்கா எல்லாப் பாட்டில்களையும் தொட்டியில் கவிழ்த்தார்.

"பொய் நீலத்தை வச்சு அண்ணன் கூண்டை எடுக்க மாட்டேன் சார். நிஜ நீலம் வந்தா நானே எடுக்கச் சொல்றேன்."

புதுப் பாட்டில்களோடு போன இரண்டாம் சுற்றுக்கு, புகார் கொடுத்த பெண்களின் தலைவியையும் படகில் ஏற்றிக்கொண்டார். அந்த அம்மாள் ஒவ்வொரு குலுக்கலையும் சத்தமாக எண்ணினார். வெளிக்கடல் தண்ணீர் நிறமில்லாமல் நின்றது. கூண்டுத் தண்ணீர் முன்பைவிட வெளிறிய நீலம். ஆனாலும் வரம்புக்கு மேல். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே அழுதார்.

அண்ணன் கூண்டுகளை அவிழ்த்து, விரிகுடா வாய்க்கு அருகே ஓட்டமுள்ள தண்ணீருக்கு இழுத்துப் போனார். இழுத்ததில் பாதி மீன் செத்தது. அன்றிலிருந்து ஒரே வீட்டுப் படியில் எதிரெதிரே வந்தாலும் தங்கையிடம் பேச்சில்லை. அக்கா மட்டும் மாதம் தவறாமல் புது இடத்துக்குப் போய்த் தண்ணீர் பிடித்தார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வலை பின்னுவார்.

மழைக்காலம் முடிந்து நாங்கள் போனபோது அண்ணன் கூண்டு விளிம்பிலிருந்து கையை நீட்டிப் பாட்டிலை வாங்கினார். மொண்டார், குலுக்கினார், கொட்டினார். மூன்று தரம். பிறகு நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார்.

"மூடியையும் அலசணுமா?"

"ஆமாண்ணா, மூடியையும்தான்."