கல்லுப்பு போட்ட ஆடுகளம்

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் ஐஸ் என்றால் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், தலையில் கூடை சுமந்து மீன் விற்றவள். சுனாமியில் சேறு நிரம்பிப்போன ஐஸ் பிளாண்டை விட்டுவிட்டு அதன் முதலாளி மெயின்லேண்டுக்குக் கப்பலேறியபோது, அதைக் கழுவித் துடைத்து ஓட்டிக் காட்டியவள். கம்ப்ரஸர் இருமினால் எந்தக் குழாயில் அடைப்பு என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். படித்த இன்ஜினியர் அரை நாள் காகிதத்தைப் புரட்டிவிட்டு அதே குழாயைத்தான் காட்டுவார்.

ஆகவே, என் மகளை ஐஸ் ஹாக்கிக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. ஐஸ்காரி மகளைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவார்கள்?

அவள் தினமும் ஃபெர்ரி ஏறிப்போய் போர்ட் பிளேயரில் படித்தவள். அங்கே சிமெண்டுத் தரையில் சக்கர ஷூ மாட்டிக்கொண்டு ஹாக்கி மட்டையோடு பறப்பாள். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மலையாளத்து மாஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார். நாட்டுக்கு ஐஸ் ஹாக்கி ஆடப் பெண்களைத் தேடுகிறார்கள், சக்கரத்தில் பழகியவர்களும் வரலாம் என்று கேள்விப்பட்டு, இவள் பெயரை எழுதிப் போட்டவரும் அவரே. மெயின்லேண்டில் கேம்ப். அதில் தேறினால் இந்தியா டீம். கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரே ஒரு குறை, என் மகள் அதுவரை ஐஸ்மேல் கால் வைத்ததே இல்லை.

மாஸ்டர் எங்கேயோ பிடித்து, அடியில் கத்தி வைத்த பழைய ஷூ ஒன்று கொண்டுவந்தார். இரண்டு சைஸ் பெரிது. மகள் அதற்குள் துணியைத் திணித்துக்கொண்டே அழுதாள்.

"அங்க வர்றதெல்லாம் லடாக் பிள்ளைங்கம்மா. நடக்கப் பழகும்போதே ஐஸ்ல பழகுனவங்க. இந்தத் தடவ எடுக்கலன்னா அப்புறம் என்னைய யாரு கூப்பிடுவா?"

"ஏட்டி, அவங்க ஐஸ்ல நடக்குறவங்க. உங்கம்மா ஐஸச் செய்றவ. எது பெருசு?"

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மறுநாள் காலை ஃபெர்ரியில், மகள் இந்தியாவுக்கு ஆடப்போகிறாள் என்று ஒரு வங்காளி அம்மாவிடம் மட்டும் சொன்னேன். எதிர்க்கரையில் சாத்தம் ஜெட்டியில் இறங்குவதற்குள் சேதி ஐந்து பாஷையில் சுற்றி வந்துவிட்டது. இனி அவள் தேறாமல் திரும்பினால், நான் ஃபெர்ரியை விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றி பஸ்ஸில்தான் போர்ட் பிளேயர் போக வேண்டும்.

அதனால் ஆடுகளத்தை நானே போட்டேன். மீன் பெட்டி கட்டும் ஷெட்டில் மரத்தூளைப் பரப்பி, இருபத்துநாலு ஐஸ் பாரைப் படுக்கப் போட்டு நெருக்கிச் சேர்த்தேன். இருபதடி நீளம், எட்டடி அகலம். பார்க்க அரண்மனைத் தரை மாதிரி இருந்தது. இந்த வெக்கையில் அது நிற்க வேண்டுமே? மீன் பெட்டியில் நாங்கள் என்ன செய்வோம்? ஐஸை நொறுக்கிப் போட்டு, மேலே ஒரு கை கல்லுப்பு தூவுவோம். மீன் விறைத்துக்கொள்ளும். மீனுக்கு ஒரு கை என்றால் மகளுக்கு ஒரு மூட்டையாவது வேண்டாமா? தூவிவிட்டு, சாக்கைப் போட்டு மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து சாக்கை எடுத்தால், பணியாரச் சட்டி. குழி குழியாக, குழிக்குக் குழி தண்ணீர்.

"யாரும்மா இதுல உப்பு போட்டது?" என்றாள் மகள்.

நான் கம்ப்ரஸரைக் கவனிக்கப் போய்விட்டேன்.

புரட்டிப் போடலாம் என்று பார்த்தால், அடியில் மரத்தூள் ஒட்டிச் செம்மண் ரோடாக இருந்தது. எல்லாவற்றையும் மாற்றினால் படகுக்கு ஐஸ் கிடையாது. தினம் நாலைந்து புதுப் பார் மட்டும் மாற்றினேன். புதியது மேடு, பழையது பள்ளம். மகள் முன்னால் ஓரடி வைத்தால் கத்தி குழியில் மாட்டி முகம் குப்புற விழுந்தாள். பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்தால்தான் நிற்க முடிந்தது. நகர்வது, விழுவது, முட்டியில் எழுவது. கப்பலேறும்வரை தினமும் இதே பாடம்.

இரண்டாம் நாள், வழக்கமாக ஐஸ் எடுக்கும், படகு ஓட்டும் தெலுங்குத் தண்டல் ஒருவர் தன் ஆட்களோடு வந்து நின்றார்.

"அக்கா, என் ஐஸ் கிதர்?"

"அதுமேலதான் இந்தியா டீம் ஆடிட்டிருக்கு. தோடா பொறுங்க."

"இந்தியா டீம் நடக்கவே மாட்டேங்குதே அக்கா."

சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குப் பொறுக்கவில்லை. விறைத்துக் கிடந்த சீலா மீனின் வால் துண்டு ஒன்றை எடுத்தார். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் கட்டை அளவே இருக்கும், அதே மாதிரி வட்டம். துடுப்பால் ஒரு அடி. மகள் முட்டியைப் போட்டுத் தடுத்தாள். இன்னொன்று அடித்தார். அதையும் தடுத்தாள். தண்டலுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஐஸுக்குக் காத்திருந்த ஒவ்வொரு படகு ஆளும் வரிசையில் நின்று அடித்தான். அவள் பின்னால் இருந்த இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒரு துண்டு போக வேண்டுமே? போனவற்றை விரல் விட்டு எண்ணலாம்.

கப்பலேறும் நாளில் மூன்று தடவை குளித்தாள். அப்படியும் அந்த ஷூவில் சீலா வாடை போகவில்லை.

கேம்ப் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் போன் இல்லை. நான் பிளாண்டை விட்டு நகரவில்லை, ஃபெர்ரி பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டாள்.

"லடாக் பிள்ளைங்க காத்து மாதிரி போறாங்கம்மா. நேரா போகச் சொன்னா நான் விழுறேன். நண்டு மாதிரிப் போறேன்னு சிரிச்சாங்க. லிஸ்ட்லேருந்து என் பேரை அடிக்கத்தான் போனாரு கோச்."

நான் கம்ப்ரஸரையே நிறுத்திவிட்டுப் போனைக் காதோடு அழுத்தினேன்.

"அந்த நேரம் பாத்து கோல்ல நிக்கிற பிள்ளைக்குக் கால் பிசகிருச்சு. வேற யாரும் நிக்க மாட்டேன்னாங்க. என்னைய நிறுத்துனாரு."

"அப்புறம்?"

"கோல்ல நிக்கிறவளுக்கு நேரா போக வேண்டாம்மா. பக்கத்துல நகரணும், முட்டி போடணும், எந்திரிக்கணும். அவ்வளவுதான்."

"அடிச்சாங்களா?"

"தண்டல் மாமா அடிச்சத விட மெதுவாத்தான் வந்துச்சு. வாடையும் இல்ல. எடுத்துட்டாங்கம்மா."

போனை வைத்துவிட்டு நேரே ஃபெர்ரி ஜெட்டிக்குப் போய்ச் சொன்னேன். சேதி எதிர்க்கரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க நானும் அதே ஃபெர்ரியில் போய்வந்தேன். மூன்று தடவை.

சில வருஷம் இந்தியாவுக்கு கோல் காத்தாள். இப்போது மெயின்லேண்டில் ஒரு பெரிய மாலுக்குள் இருக்கும் ஐஸ் அரங்கில் சம்பளத்துக்கு ஆடுகிறாள், பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறாள். பேப்பர்காரர்கள் கேட்டால், "அம்மா உப்பு போட்டுக் கெடுத்ததுல வந்தது" என்கிறாள். அது அவள் கணக்கு. திட்டம் போட்டுத்தான் தூவினேன் என்று ஃபெர்ரியில் எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம் அந்த அரங்கைப் பார்க்கக் கூட்டிப்போனாள். ஒரு மெஷின் போய் ஐஸ்மேல் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டு வந்தது. ஐஸுக்குச் சுடுதண்ணியாம். உப்புக்காக என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை எல்லாம் அங்கே வரிசையாக நிறுத்திக் காட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் கண்ணாடி மாதிரி கிடந்தது தரை, ஒரு குழி இல்லை. நம்ம வேலை கொஞ்சம் காட்டலாமே என்று கதவுப் பக்கம் போனேன்.

மகள் என்னை நிறுத்தினாள். கைப்பையை வாங்கி, அடி வரைக்கும் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.