ஓரகத்தியின் வியாதி

ஓரகத்தி பார்பராவின் புடவையைப் பார்த்து வெரோனிகாவுக்குப் பொறாமை வந்ததுண்டு. புது அடுப்பைப் பார்த்தும் வந்ததுண்டு. வியாதியைப் பார்த்து வந்தது இதுதான் முதல் தடவை.

தைராய்டு குறைவு என்று டாக்டர் சொன்ன நாள்முதல் பார்பராவுக்கு ராஜ உபசாரம். தேயிலைத் தொழிற்சாலையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. வீட்டில் புருஷன் ராஜநாயகமே காப்பி கலக்கிக் கொடுத்தார். மாத்திரை போட்டுச் சில மாதத்தில் முகவீக்கம் வடிந்து, கொட்டிய முடியும் அடர்ந்துவிட்டது.

அதே களைப்பு, அதே மலச்சிக்கல், கம்பளிக்குள்ளும் விடாத குளிர் வெரோனிகாவுக்கும் இருந்தன. முடி சீப்போடு வந்தது. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கின் இரவுச் சந்தையில் முடி வளர்க்கும் மாத்திரை வாங்கி, பார்பராவுக்குத் தெரியாமல் விழுங்கி வந்தாள்.

கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நார்மல் என்று வந்தது.

"ஒனக்கு ஒன்னும் இல்லலா வெரோனி. வெறும் சோம்பல்," என்றாள் பார்பரா.

வெரோனிகாவுக்கு வயிறு எரிந்தது. நார்மலைக் காட்டி யாரிடம் போய் ஓய்வு கேட்பது? ஒரு நாள் கொழுந்து மூட்டையைத் தூக்க முடியாமல் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுபடி கிளினிக். துணைக்கு வந்ததும் பார்பராதான்.

"வேற மருந்து, வைட்டமின் எதுவும் சாப்புடுறீங்களாம்மா?" என்று கேட்டாள் நர்ஸ் துளசி.

முதல் தடவை கேட்டபோது வெரோனிகா இல்லை என்றிருந்தாள். இப்போதும் அதுவேதான் நாக்கு நுனியில் நின்றது. பக்கத்தில் பார்பரா, பளபளக்கும் சடையோடு. ஆனால் இன்னொரு நார்மலைத் தாங்க உடம்பில் தெம்பில்லை.

"முடிக்கு ஒரு மாத்திர, மிஸ்ஸி. அக்காவுக்கு மாதிரி வரட்டும்னு."

பார்பரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துளசி சிரிக்கவில்லை. "அதுல பயோட்டின் நெறைய இருக்கும்மா. சில டெஸ்டுல அது கணக்க மாத்திக் காட்டும். இருக்கிற கொறைய இல்லன்னு சொல்லிரும். டாக்டர்கிட்ட சொல்றேன். நிறுத்திட்டு, அவரு சொல்ற நாள்ல வந்து ரத்தம் குடுங்க."

முடி மாத்திரையை நிறுத்தி, சொன்ன நாளில் வெரோனிகா ரத்தம் கொடுத்தாள். டாக்டர் இந்தத் தடவை டி.எஸ்.எச். சோதனை ஒன்றோடு விடவில்லை, தைராய்டு சுரக்கும் டி-ஃபோரையும் சேர்த்து எழுதினார். முன்னது ஏறியிருந்தது, பின்னது இறங்கியிருந்தது. தைராய்டு குறைவேதான்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு வெரோனிகா பஸ் நிறுத்தம்வரை தலை நிமிர்ந்தே நடந்தாள்.

"அக்கா, ஒங்க மாத்திர எத்தன மைக்ரோகிராம்?"

"நூறு. ஒனக்கு?"

வெரோனிகா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஐம்பது. பார்பரா எட்டிப் பார்க்குமுன் அதைப் பைக்குள் தள்ளினாள்.