மலைக்கு ஆறு கதவு

நம்பாவிட்டால் போகட்டும். இது நடந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. என் அண்ணியும் சாட்சி. ஆனால் அவரிடம் கேட்காதீர்கள். அவருக்கு இப்போது ஐந்து மாதம்.

அதிகம் பேர் போகாத சின்ன மலை அது. கீழிருந்து உச்சி வரை ஒற்றையடிப் பாதை, இருபுறமும் இடுப்பளவு கல்சுவர், நடுநடுவே ஆறு இரும்புக் கதவுகள். ஸ்பிரிங் வைத்தவை, விட்டால் தானே மூடிக்கொள்ளும். கொண்டியை மட்டும் கடைசியாக வருபவர் போட வேண்டும். கீழே பதிவேட்டில் அன்று எங்கள் இருவர் பெயர்தான்.

"உன் அண்ணன் வீட்ல தூங்கறாரு. நான் ரெண்டு உயிரைத் தூக்கிட்டு மலை ஏறறேன்" என்று சிரித்தபடியே ஏறினார் அண்ணி. அவரைப் பத்திரமாக இறக்குவது என் பொறுப்பு.

இறங்கும்போது பனி மூடியது. மாலை 4:12. கீழிருந்து நான்காவது கதவைக் கடந்து கொண்டி போட்டேன். கொஞ்ச தூரம் போயிருப்போம்.

பின்னால்... கிரீச். டக்.

"யாரோ வர்றாங்க" என்றார் அண்ணி.

பதிவேட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

4:20. மூன்றாவது கதவு. கொண்டியை இருமுறை இழுத்துப் பார்த்தேன். இருபது அடிகூட நடக்கவில்லை.

கிரீச். டக்.

பாதை முழுக்கச் சரளைக்கல். எங்கள் காலடியில் சரக் சரக் என்றது. பின்னால் அந்தச் சத்தம் இல்லை.

"நில்லேன். அவங்களும் வரட்டும், சேர்ந்து போலாம்."

நின்றோம். யாரும் வரவில்லை.

கிரீச். டக்.

இந்த முறை... முன்னால்.

இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லாத பாதை அது.

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நடங்க அண்ணி. பேசாதீங்க."

இரண்டாவது கதவைத் தாண்டினோம். 4:31. கடைசிக் கதவு.

அகலத் திறந்திருந்தது.

பிடித்துக்கொண்டிருக்க யாருமில்லை.

கடக்கும்போது அண்ணி பழக்க தோஷத்தில், "தேங்க்ஸ்" என்றார்.

அவரை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினேன். 'டக்' கேட்கும் என்று காத்திருந்தேன்.

கேட்கவே இல்லை.

மறுநாள் காலை 7:40. வனக்காவலர் போன் செய்தார்.

"கடைசி கேட் திறந்தே இருக்கும்மா. கொண்டி போடலையா?"

"மறந்துட்டேங்க. ஆடு மாடு எதுவும் வெளிய போயிடுச்சா?"

"இங்க ஏதும்மா ஆடு மாடு?"

அவரே தொடர்ந்தார்.

"மொதல்ல ஒரே ஒரு கேட்தான் போட்டோம். அதை நிறுத்தப் பத்தல. அப்புறம்தான் ஒவ்வொண்ணா ஆறு."