வாசலுக்குக் குறுக்கே ஒரு கரை

1921-ஆம் வருஷம் தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, பகல் வண்டியில் வெள்ளைச்சாமி ஊரை விட்டுப் போனான். திருச்சி ஜங்ஷனுக்கு அவனை வழியனுப்ப வந்தது அவன் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு ஒருத்திதான். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. அவன் கையில் ஒரு தகரப்பெட்டி, ஒரு கட்டுச்சோற்று மூட்டை. சிம்லாவில் ஒரு துரை பங்களாவில் வேலை இருப்பதாக யாரோ ஒரு பட்லர் சொன்னானாம். அத்தனை தூரத்துக்கு டிக்கெட்டுக்குப் பணம் ஏது என்று அவள் கேட்டதற்கு, "பட்லர் கொடுத்தான்" என்றான். அதற்கு மேல் கேட்க அவளுக்கு அன்று மனசு இல்லை.

"எப்ப வருவீங்க?"

"அந்த ஐயங்கார் அதே தெருவுல நின்னு, நாலு பேர் கேக்க, 'வெள்ளைச்சாமி எடுக்கல'ன்னு வாயால சொல்லட்டும். மறுநாளே வண்டி ஏறிடறேன்."

"சொல்லாட்டி?"

வண்டி நகர்ந்துவிட்டது. வள்ளிக்கண்ணு கூடவே ஓடினாள். "சொல்ல வைக்கிறேன்! நீங்க வந்து சேருங்க, நான் சொல்ல வைக்கிறேன்!" என்று பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் கத்தினாள். அவன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான், முகத்தை நீட்டவில்லை.

அந்த ஐயங்கார், ஸ்ரீரங்கத்தில் வடக்கு அடையவளஞ்சான் வீதியில் இருந்த சௌரிராஜன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெருமாள் சன்னிதியில் வாய்விட்டுப் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் முன்வரிசையில் நிற்பவர். பெண்டாட்டி காலமாகிவிட்டாள், கோதைநாயகி என்று ஒரே பெண். அவர் வீட்டு மாட்டுக்கொட்டில் வெள்ளைச்சாமியின் பொறுப்பில் இருந்தது. மார்கழி முடிந்த கையோடு, புளி போட்டுத் தேய்க்கக் கிணற்றடியில் வைத்திருந்த வெள்ளிச் சந்தனக் கிண்ணம் காணாமல் போயிற்று. அன்று கொல்லைப்பக்கம் வந்த ஒரே ஆள் வெள்ளைச்சாமி. சௌரிராஜன் அவனை வாசலுக்கு இழுத்துவந்து, "திருடன்! இவன் திருடன்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். போலீஸ் வந்தது, இரண்டு நாள் வைத்து அடித்தது, கிண்ணம் கிடைக்காமல் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் எந்தக் கொட்டிலிலும் அவனுக்கு வேலை இல்லை. வீட்டுக்கு வந்த அன்று அவன் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தவள் வள்ளிக்கண்ணு. அந்த முதுகை அவள் மறக்கவே இல்லை.

சிம்லாவிலிருந்து மூன்று வருஷத்தில் மொத்தம் இரண்டு கடிதம் வந்தது. இரண்டையும் கோட்டை தபாலாபீஸ் வாசலில் கடுதாசி எழுதிக்கொடுக்கும் பாக்கியநாதன்தான் படித்துச் சொன்னார். முதல் கடிதத்தில் சௌக்கியம் தவிர வேறில்லை. இரண்டாவது முழுக்கப் பனியைப் பற்றி.

'இங்கே பனி மழை போலப் பெய்யாது, பஞ்சு போல விழும். விடிந்தால் முழங்கால் உயரம் நிற்கும். பங்களா கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை வண்டி வரும் பாதையைத் தினமும் நான்தான் சுத்தம் செய்ய வேண்டும். மண்வெட்டி இதற்கு உதவாது. இரண்டு கையையும் விரித்த அகலத்துக்குப் பலகை, கொஞ்சம் வளைத்து, அடி விளிம்பில் தகரம் அடித்து, நீளக் காம்பு போட்டிருப்பார்கள். காம்பு முனையில் குறுக்குக் கட்டை. அதை வயிற்றில் கொடுத்துத் தள்ள வேண்டும், தூக்கக் கூடாது. தூக்குகிறவன் மத்தியானத்துக்குள் இடுப்பு ஒடிந்து படுத்துவிடுவான். தள்ளுவதற்கு முன் பலகைக்கு மெழுகுவத்தி தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் பனி ஒட்டிக்கொண்டு, பலகை கல்லாகிவிடும். முனிசிபாலிடி ஆள் தெருவைத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் குறுக்கே பனி கரை மாதிரி விழும். இனாம் கொடுக்காத வீட்டுக்குக் கரை உயரமாக விழும்.'

பாக்கியநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உன்னைப் பத்தி ஒரு வரி இல்லையே, தாயி."

"இதுவே போதும். இன்னொரு தடவை படிங்க" என்றாள் வள்ளிக்கண்ணு.

1924 ஆடியில் வெள்ளம் வந்தது. காவிரியும் கொள்ளிடமும் ஒன்றாகி, தீவு முழுக்கத் தண்ணீர். எத்தனையோ வீடு விழுந்தது, எத்தனையோ உயிர் போனது. ஆவணி பிறந்துதான் வடக்கு வீதிகளில் தண்ணீர் வடிந்தது. வடிந்த இடத்தில் வண்டல், முழங்கால் அளவு, களி போல. வாசல் கதவைத் திறக்க முடியவில்லை. கூலி ஆட்கள் எல்லாரும் உடைந்த கரையை அடைக்கப் போய்விட்டார்கள். மண்வெட்டியும் கூடையும் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்களே வெட்டினார்கள். ஒரு கூடை வெட்டினால் அரைக் கூடை சரிந்து திரும்ப வந்தது.

வள்ளிக்கண்ணு தன் மூக்குத்தியை அடகு வைத்துவிட்டு, கோட்டையில் தச்சு வேலை செய்யும் ஜமால் சாயபுவிடம் போனாள். சிம்லாக் கடிதத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தாள். அகலம், வளைவு, தகரம், குறுக்குக் கட்டை எல்லாம் சொன்னாள். மெழுகை மட்டும் சொல்லவில்லை.

பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அடையவளஞ்சான் வீதிக்குள் வந்தபோது, முதல் வீட்டு ரங்கம்மா மாமி ஜன்னல் வழியாகப் பார்த்து, "என்னடி இது வள்ளிக்கண்ணு, ராட்சசனுக்குத் தோசை வார்க்கப் போறியா?" என்றாள்.

"ஆமாங்க மாமி. முதல் தோசை உங்க வாசல்லேருந்து."

மடியிலிருந்த புட்டியை எடுத்துத் திரும்பி நின்றுகொண்டு, பலகைக்கு விளக்கெண்ணெய் பூசினாள். வயிற்றில் துணியைச் சுற்றி, குறுக்குக் கட்டையைக் கொடுத்துத் தள்ளினாள். வண்டல் சுருண்டு சுருண்டு பலகைக்கு முன்னால் ஓடிற்று. இரண்டு பேர் இரண்டு நாள் வெட்டியும் தெரியாத வாசல்படி, ஒரு நாழிகையில் வெளியே வந்தது. மாமி சாணி தெளித்துக் கோலம் போட்டாள். தெருவில் ஒரு மாதத்துக்கப்புறம் விழுந்த முதல் கோலம். மற்ற வீட்டுக்காரர்கள் அதைப் பார்க்க வந்து, அப்படியே வள்ளிக்கண்ணுவைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

சௌரிராஜன் வீடு தெருவின் நடுவில். அவளும் நடுவைப் பார்த்துத்தான் தள்ளினாள். மேற்கிலிருந்து தள்ளிய வண்டல் அவர் வாசலில் வந்து நின்றது. கிழக்கிலிருந்து தள்ளியதும் அங்கேயே வந்து நின்றது. நாலாம் நாள் தெருவில் எல்லா வீட்டிலும் கோலம், ஒரே ஒரு வீட்டு வாசலில் இடுப்புயரக் கரை.

அந்தக் கரைக்குப் பின்னால் வாத்தியார் பஞ்சகச்சத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றார். பதினாறு வயசுப் பெண் கூடை எடுத்தாள். ஒரு ஆள் நுழையும்படி வழி வெட்டி நிமிர்வதற்குள் இரண்டு பக்கமும் சரிந்து மூடும். எதிர் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டே வள்ளிக்கண்ணு அதைப் பார்ப்பாள். அந்த வருஷம் போட்ட வெற்றிலை மாதிரி ருசி அவளுக்கு அப்புறம் எப்போதும் கிடைத்ததில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. ஜமாலிடம் ஆள் அனுப்பி, அதே அளவில் ஒரு பலகை செய்துகொண்டார். முதல் தள்ளிலேயே வண்டல் பலகையில் அப்பிக்கொண்டது. இரண்டாம் தள்ளில் பலகை நகரவில்லை. மூன்றாம் தள்ளில் காம்பு முறிந்து, மனுஷர் வண்டலில் முகம் குப்புற விழுந்தார். கோதைநாயகி ஓடிவந்து தூக்கினாள்.

"கணக்கு தப்பிப்போச்சுங்களா, சாமி?" என்று கேட்டாள் வள்ளிக்கண்ணு.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் புதன்கிழமை. கோதைநாயகியைப் பெண் பார்க்க லால்குடியிலிருந்து வந்தார்கள். வெள்ளத்துக்கு முன்னாலேயே நிச்சயம் செய்த நாள். கொள்ளிடத்தைப் பரிசலில் தாண்டி, ஐந்து பேர் பூவும் பழமுமாகத் தெருமுனைக்கு வந்தார்கள். பிள்ளைக்குத் தகப்பனார் முன்னால் நடந்தார். வீடு வீடாகக் கோலம். நடுவில் ஒரு வீடு மட்டும் வண்டல்கூட எடுக்காமல், தெளிக்காமல், பெருக்காமல், கோலம் இல்லாமல் இருந்தது. அவர் நின்றுவிட்டார். எந்த வீடு என்று அடையாளம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார், அது இதுதான். ஊர் பூராவும் சாவு விழுந்திருந்த காலம். சாவு வீட்டில் போய் 'என்ன, ஏது' என்று கேட்டால் தீட்டு; குளித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூத்தட்டைத் துண்டால் மூடிக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்.

உள்ளே கோதைநாயகி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

எதிர்ச் சுவரோரம் வள்ளிக்கண்ணு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். 'உங்க ஆளு உசுரோடதான் இருக்காரு, போங்க' என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி ஆகியிருக்கும். அவள் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்து சௌரிராஜன் அன்று ராத்திரியே லால்குடிக்கு ஓடினார். அங்கே அவர்கள் சமாதானமாகி, வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறோம் என்றார்கள். ஆனால் பிள்ளைக்குத் தாயார் ஒன்று சொன்னாளாம்: "இந்தத் தடவையும் வாசல் அப்படியே இருந்தா, அது பெருமாள் சொல்ற சகுனம்னு எடுத்துப்போம்."

வியாழக்கிழமை காலையில் அவர் வள்ளிக்கண்ணுவைத் தேடி வந்தார். அவள் தெருக்கோடியில் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு கேக்கறே?"

"காசு வேணாங்க."

"வேறென்ன வேணும்? பேஷா கேளு."

"எம் புருசனைத் திருடன்னீங்களே, அதே இடத்துல நின்னு, 'வெள்ளைச்சாமி எடுக்கல'ன்னு சொல்லுங்க. தெரு கேக்கணும்."

"எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்லுவேன்? வாயைத் திறந்து பெருமாள் நாமம் சொல்றவன் நான்."

"அப்ப நாமத்தையே சொல்லுங்க. வண்டல் தானா நவுந்துக்கும்."

அவர் திரும்பி நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றார். கரைக்கு அந்தப் பக்கம் கோதைநாயகி கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் வண்டல் மேட்டின் மேல் ஏறினார். கால் புதைந்தது. ஜன்னல்களில் எல்லாம் முகம் தெரிந்தது.

"வெள்ளைச்சாமி எடுக்கலை" என்றார்.

"சத்தமா, சாமி! கோடி வீட்டுக்குக் கேக்கல" என்றாள் வள்ளிக்கண்ணு.

"வெள்ளைச்சாமி எடுக்கலை!"

"அப்ப கிண்ணம் எங்க போச்சாம்?"

அவர் பெண் கையிலிருந்த கோலமாவுக் கிண்ணத்தைப் பார்த்தார். "கிணத்துல விழுந்திருந்தது. தூர் வாரச்சே கிடைச்சுது. நான்... சொல்லாம இருந்துட்டேன்."

"அட பாவி மனுஷா!" என்று ரங்கம்மா மாமி சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

வள்ளிக்கண்ணு பலகைக்கு எண்ணெய் பூசினாள். அன்று யாருக்கும் மறைத்துக்கொண்டு பூசவில்லை. அரை நாழிகையில் அந்தக் கரை போன இடம் தெரியவில்லை. கோதைநாயகி கோலம் போட்டாள். வெள்ளிக்கிழமை லால்குடிக்காரர்கள் வந்தார்கள், தை மாதம் கல்யாணம் ஆயிற்று.

சனிக்கிழமையே வள்ளிக்கண்ணு பாக்கியநாதனிடம் போய்க் கடிதம் எழுதினாள். ஐயங்கார் நின்றது, சொன்னது, தெரு கேட்டது, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், 'சொல்ல வைத்துவிட்டேன். வாருங்கள்.'

பதில் வரவில்லை.

இன்னொன்று எழுதினாள். அதற்கும் இல்லை. மலை ஊர், தபால் தவறியிருக்கும் என்று பாக்கியநாதன் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சொல்வதை விட்டுவிட்டார். அவளுக்குப் பலகைக்காரி என்றே பேராகிவிட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு வாசல் தள்ள, வாய்க்கால் தூர் வார, அவளிடம் நாலு பலகை, நாலு பெண்டுகள். மூக்குத்தியை மீட்டு, இன்னொன்றும் செய்துகொண்டாள். ஆனால் எந்தத் தெருவில் வேலை இருந்தாலும் வடக்கு அடையவளஞ்சான் வழியாகத்தான் போவாள். சௌரிராஜன் வாசலில் பலகையை இறக்கி வைத்து, அவர் கண்ணில் படுகிற வரை இளைப்பாறிவிட்டுத்தான் எடுப்பாள்.

அந்த வியாழக்கிழமைக்கு மறுநாளிலிருந்து அவர் கோஷ்டியில் நிற்பதை விட்டுவிட்டார். எத்தனையோ பேர் கூப்பிட்டும் போகவில்லை. எல்லாரும் சேவித்துவிட்டுப் போன பிறகு தூணோரமாக நின்று, வாயைத் திறக்காமல் கும்பிட்டுவிட்டு வருவார். 'குத்தம் செஞ்ச நெஞ்சு, குறுகுறுக்குது' என்று வள்ளிக்கண்ணு ஊரெல்லாம் சொன்னாள். சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

1937-இல் அவர் பரமபதித்தார். அதற்கு எட்டு மாதம் கழித்து, சிம்லா முத்திரையோடு வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு கடிதம் வந்தது. பாக்கியநாதன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. படித்துச் சொல்ல ஊரில் ஆளா இல்லை? அவள் நேரே வடக்கு அடையவளஞ்சானுக்குப் போனாள். வீட்டைக் காலி செய்ய கோதைநாயகி லால்குடியிலிருந்து வந்திருந்தாள்.

"எம் புருசன் எழுதியிருக்காரு. வரேன்னுதான் இருக்கும்" என்றாள் வள்ளிக்கண்ணு. "உங்கப்பா இழுத்து நிறுத்தின இடம் இதுதான். இங்கயே நின்னு, நீயே படி பாப்பா. சத்தமா படி."

கோதைநாயகி அவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து நின்று, உறையைப் பிரித்துப் படித்தாள்.

'வள்ளிக்கண்ணுவுக்கு வெள்ளைச்சாமி எழுதிக்கொண்டது. எனக்கு நெஞ்சில் சளி கட்டி, இனிப் பிழைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை செய்யும் ஒரு நம்மூர்ப் பையன் இதை எழுதுகிறான். நீ போட்ட கடிதம் இரண்டும் அப்போதே வந்தது. பதிமூன்று வருஷமாகப் பெட்டியில் இருக்கிறது. சாவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். கிண்ணத்தை எடுத்தது நான்தான். வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருந்து, போலீஸ் விட்ட பிறகு விற்று, அந்தப் பணத்தில்தான் டிக்கெட்டு வாங்கினேன். உன் முகத்தைப் பார்க்கக் கூசித்தான் கிளம்பினேன். திரும்பி வராமல் இருக்கத்தான் அப்படி ஒரு வாக்குக் கேட்டேன். ஐயங்கார் சாமி தலை போனாலும் பொய் சொல்ல மாட்டார், அதனால் ஒரு நாளும் அந்த வார்த்தை வராது என்று நம்பி இருந்தேன். கிணற்றில் கிடைத்தது என்று அவர் தெருவில் நின்று சொன்னதாக நீ எழுதியிருக்கிறாய். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.'