ஒரு சோடி பூட்ஸும் இரண்டு ஸ்டொப்பர்களும்

எங்கள் வீட்டில் ஒரு சோடி உதைபந்தாட்ட பூட்ஸும் அதற்குள் நுழைய இரண்டு சோடிக் கால்களும் இருந்தன. ஒரு சோடி அப்பாவுடையது, மற்றது மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்த எங்கள் சின்ன வீட்டில் என் கட்டில் அவருக்குப் போனது. நான் தரைக்கு இறங்கினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் பந்தைக் கீழே விழவிடாமல் முழங்காலில் ஐம்பது தடவை தட்டுவார். அப்பா முழங்காலை மடக்குவதே அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு நிகழ்ச்சி.

இருவரும் ஒரே கல்லூரியின் பழைய மாணவர்கள், இருவருமே ஸ்டொப்பர்கள் என்பதுதான் சிக்கல். பின்வரிசையின் நடுவில் நின்று, கோலை நோக்கி வருகிறவனை மறிக்கும் அந்த இடம் அணிக்கு ஒன்றுதான். ஒவ்வொரு கோடையிலும் லண்டனில் யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஒரு மைதானத்தில் கூடி, றோல்ஸும் ஒடியல் கூழும் விற்றபடி ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளும். எங்கள் சங்கத்தின் பின்வரிசை நால்வர் பல வருடங்களாக மாறாதவர்கள்: அப்பா, ஒரு பல் வைத்தியர், ஒரு பெற்றோல் நிலையக்காரர், ஒரு கணக்காளர். அவர்களது முக்கிய ஆயுதம் கை. எதிரணிக்காரன் தாண்டி ஓடினால் நால்வரும் ஒன்றாகக் கையை உயர்த்தி "ஓஃப் சைட்" என்பார்கள். வெற்றிக் கிண்ணம் ஒன்றும் வரவில்லை. அனுபவம் மட்டும் வருடா வருடம் கூடியது.

அந்த வருடம் மாமாவைப்போல நாலைந்து பேர் புதிதாக வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் இடம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது.

"பெடியள் ஓடுவாங்கள், ஓம். ஆனா பின்னுக்கு நிக்கிறதுக்கு மூளை வேணும்," என்றார் பல் வைத்தியர்.

"அண்ணை, உங்கடை மூளை யோசிச்சு முடிக்கேக்கை பந்து வலைக்குள்ளை கிடக்கும்," என்றார் புதியவர்களில் ஒருவர்.

சங்கத் தலைவர் ஒரு தேர்வு ஆட்டம் வைத்தார். முதல் பாதியில் பழையவர்கள் மறிப்பது, இரண்டாம் பாதியில் புதியவர்கள். எதிரே ஆட பக்கத்துத் தெருவின் போலந்துக்காரப் பையன்களைப் பிடித்து வந்திருந்தார்கள்.

முதல் பாதியில் பூட்ஸ் அப்பாவின் காலில். நால்வரும் மிகச் சிறப்பாகக் கை உயர்த்தினார்கள். மூன்று கோல் விழுந்தது. இடைவேளையில் அப்பா புல்லில் குந்தி பூட்ஸைக் கழற்ற, வெறுங்காலோடு காத்திருந்த மாமா வாங்கிக்கொண்டார். அவருக்கு அது பெரிது. அம்மா தமிழ்ப் பத்திரிகையைக் கிழித்து உருட்டி முன்பக்கம் அடைத்துக் கொடுத்தார். கணவனுக்கும் தம்பிக்கும் நடுவில் நின்ற அவர் இரண்டு பாதியிலும் கை தட்டினார். குழப்பத்தில் இடைவேளையிலும் தட்டினார்.

இரண்டாம் பாதியில் ஒரு கோலும் விழவில்லை. மாமா பந்தைப் பறித்த ஒவ்வொரு முறையும் நான் கத்தினேன். பக்கத்தில் அப்பா காலுறையோடு நின்றது எனக்கு நினைவிலேயே இல்லை.

நாலில் மூன்று இடம் புதியவர்களுக்குப் போனது. தலைவரின் பற்களைப் பார்ப்பவர் என்பதால் பல் வைத்தியர் மட்டும் தப்பினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா பூட்ஸைக் கழுவித் துடைத்து மாமாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "லேசை இறுக்கிக் கட்டு. இடது கால் வழுக்கும்," என்றார்.

"இல்லை அத்தான், நீங்களே..." என்று மாமா தொடங்கினார். அப்பா குளியலறைக்குள் போய்விட்டார்.

போட்டி நாளில் நாங்கள் இறுதி ஆட்டம்வரை போனோம். அப்பா தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பொறுப்பு. ஒன்றுக்குப் பூச்சியம் என்று நாங்கள் முன்னால் நிற்க, கடைசி நிமிடத்தில் எதிரணிக்காரன் எங்கள் கோல் காப்பாளரையும் தாண்டிப் பந்தை அடித்தான். எங்கிருந்தோ பாய்ந்த மாமா கோல் கோட்டின்மேல் வைத்துத் தலையால் தட்டினார். விசில். நான் கூழ் வாளியைத் தட்டிவிட்டுக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன். அப்பாவும் ஓடினார், அந்த முழங்காலோடு.

படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அன்று முழுவதும் யாராவது கமெராவைத் தூக்கினால் மாமா குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஜேர்சியைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினார். "அத்தான், நீங்கள் நில்லுங்கோ."

அப்பா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஜேர்சியை வயிற்றுக்கு மேலால் இழுத்துப் போட்டு வரிசையில் போய் நின்றார்.

"அப்பா விளையாடேல்லை. தண்ணிதான் குடுத்தவர்," என்று நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் முகம் சிவந்தது. ஆனால் அவர் இடத்தை விட்டு அசையவில்லை.

சங்கத்தின் ஆண்டு மலரில் அந்தப் படம் வந்தது. கீழே பெயர் வரிசையில் ஸ்டொப்பர் இடத்தில் அப்பாவின் பெயர். மலர்கள் சங்க விருந்தில் பங்கிடப்பட்டு, ஊரில் கல்லூரி நூலகத்துக்கு அனுப்ப வேண்டிய ஆறு பிரதிகள் மட்டும் எங்கள் வீட்டில் இருந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. நீதியை நிலைநாட்டும் ஆசை மனிதனுக்கு அந்த வயதில்தான் உச்சம். பிறகு கொலஸ்ட்ரோல் வந்துவிடும். கறுப்புப் பேனையால் ஆறு பிரதிகளிலும் அப்பாவின் பெயரை வெட்டி, மாமாவின் முழுப்பெயரை எழுதினேன்.

அம்மாதான் கண்டார். "என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?" என்று அழத் தொடங்கினார். ஒரு புத்தகத்தில் கிறுக்கியதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஊரிலிருந்த தாத்தா, துப்பாக்கியோடு வந்து மாமா எங்கே என்று கேட்டவர்களிடம் அவன் வவுனியாவில் ஒரு கடையில் நிற்கிறான் என்று சொல்லி வைத்திருந்த கதை, எனக்கு மீசை முளைத்த பிறகுதான் சொல்லப்பட்டது. மலர்கள் போகவிருந்ததும் அதே ஊருக்குத்தான்.

அன்று அப்பா என்னை அடிக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருந்து, சவர பிளேட்டால் மாமாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினார்.

"நீங்கள் விளையாடேல்லைத்தானே?" என்றேன்.

"ஓம், விளையாடேல்லை," என்றார் அப்பா, தலை நிமிராமல்.

பிறகு பேனையை எடுத்து, ஆறு பிரதிகளிலும் அந்த இடத்தில் தன் பெயரைத் திரும்ப எழுதினார். அவ்வளவு அழகான கையெழுத்தில் ஒருவர் பொய் எழுதுவதை நான் அதுவரை கண்டதில்லை. ஒரு கிழமை முழுவதும் அவரோடு பேசாமல் இருந்தேன்.