பனியன் வேஸ்ட்

கிருபாவதியின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. போத்தனூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், எட்டரைக்குள் எங்கள் சின்ன ஆய்வகத்தைக் கூட்டித் துடைத்து, எனக்கு டீயும் வாங்கி வைத்துவிடுவாள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். எட்டு வருடமாகத் தினக்கூலி. தொண்ணூற்று நான்கில்தான் அவளை நிரந்தரமாக்கும் ஃபைல் ஒருவழியாக இயக்குநர் மேசைக்குப் போயிருந்தது. அது என்னவாயிற்று என்று வாரம் ஒருமுறை கேட்பாள். "வந்துடும்" என்று நானும் வாரம் ஒருமுறை சொல்வேன்.

குற்ற வழக்குகளில் போலீஸ் அனுப்பும் துணிகளில் ஒட்டியிருக்கும் நூலிழைகளைப் பார்ப்பது என் வேலை. அடிபட்டவர் துணியையும் சந்தேகத்துக்கு ஆளானவர் துணியையும் ஒரே அறையில் பிரிக்கக் கூடாது. மேசையில் புதுக் காக்கித் தாள் விரிக்க வேண்டும். இதிலெல்லாம் நான் பெரிய கறார் என்று பெயர். யாராவது சால்வையோடு உள்ளே வந்தால் கத்தித் தீர்த்துவிடுவேன். பஞ்சு பறக்கிற ஊரில் வேறு எப்படி இருப்பது?

அந்த மார்கழியில் காங்கேயத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. தேங்காய் எண்ணெய் மில்லில் திருட்டு. தடுத்த வாட்ச்மேனின் மண்டை உடைந்திருந்தது. அங்கே மூட்டை தூக்கும் ராமுலுவைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். அவன் போட்டிருந்தது சிவப்புப் பனியன். வாட்ச்மேனின் வெள்ளை வேட்டியைப் பிரித்தேன். மூன்று சிவப்பு இழைகள் கிடைத்தன. மைக்ராஸ்கோப்பில் பனியன் இழையோடு வைத்துப் பார்த்தால் அச்சு அசல் அதேதான். சாயச் சோதனை பாக்கி. அதற்கான ரசாயனம் இன்னும் வந்து சேரவில்லை. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு திமிர்.

டீ கொண்டுவந்த கிருபாவதி, மைக்ராஸ்கோப் அருகிலிருந்த இழைகளைப் பார்த்துத் தயங்கி நின்றாள். "ஏனுங்க சார், அந்தச் சிவப்பு நூலு எங்கீங்க கெடச்சுது?"

சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. வெளியே போய் ஒரு வாளியைத் தூக்கி வந்து, அதிலிருந்து சிவப்புத் துணி ஒன்றை எடுத்துக் காட்டினாள். பனியன் வேஸ்ட். திருப்பூர் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டு. லேத் பட்டறையிலிருந்து மெஸ் வரைக்கும் எங்கள் பக்கம் எதைத் துடைக்கவும் அதுதான்.

"டேபிள் தொடைக்கிற பேப்பரு தீந்துபோச்சுங்க. தங்கச்சி திருப்பூர்ல இருந்து இதைக் குடுத்தனுப்புனா. நல்லாத் தொவச்சுத்தானுங்க தொடச்சுபோட்டேன். காக்கித் தாளும் இல்லீன்னு நீங்க டேபிள் மேலயே வேட்டிய விரிச்சீங்களே."

அதுவும் உண்மைதான்.

"யார்கிட்டயும் சொல்லாதே. உன் ஃபைல் போயிடும்" என்றேன்.

"ஒரு மனுசன் உள்ள கெடக்குறாருங்களே, சார்."

தெரிந்த கல்லூரியில் ரசாயனம் வாங்கிவந்து சோதித்தேன். வேட்டியில் இருந்த மூன்று இழைகளின் சாயமும் கிருபாவதியின் வேஸ்ட் துணிச் சாயமும் ஒன்று. ராமுலுவின் பனியன் சாயம் வேறு. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

இயக்குநர் என்னை அழைத்து, "மேசையைத் துடைத்தது யார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

"நாந்தானுங்க" என்றாள், கதவோரம் நின்றிருந்த கிருபாவதி.

ஃபைல் திரும்பி வந்தது. தினக்கூலிக்கு மெமோ எல்லாம் கிடையாது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னால் முடிந்தது. போகும்போது என்னிடம் வந்தாள்.

"ராமுலு வெளிய வந்துட்டாருங்களா?"

"நேத்தே விட்டுட்டாங்க."

"அது போதுமுங்க. வாரேனுங்க சார்." வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது. துணியைப் பிரிக்கும் முன் மேசையைத் துடைக்க வேண்டியது சோதனை செய்யும் அதிகாரிதான் என்று எங்கள் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. எட்டு வருடமும் அதை நான் அவளிடம் விட்டிருந்தேன்.