ஒன்றரைக் கட்டை உயரம்

ஆழ்வார்குறிச்சி சத்துணவுக் கூடத்தில் முத்துராணி ஒரு சத்தம் கொடுத்தால் போதும், கடைசி வரிசைப் பிள்ளைகூட மறுபேச்சில்லாமல் கீரையைத் தின்றுவிடும். பகலில் அவள் அங்கே அமைப்பாளர். கோயில் கொடைத் திருவிழாக் காலம் வந்துவிட்டால் பாக்கியசீலனின் மெல்லிசைக் குழுவில் பாடகி. விளம்பரத் தட்டிகளில் ‘நெல்லை மரகதவல்லி’ என்றுதான் எழுதுவார்கள். அசல் மரகதவல்லி மெட்ராஸில் இருந்த பெரிய சினிமாப் பாடகி. அந்தக் குரலை அப்படியே இறக்கிவைப்பாள் இவள். சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது என்பதில் அவளுக்குப் பெருமைதான்.

தொண்ணூற்று நான்காம் வருடம் பங்குனியில் மரகதவல்லி காலமானார். முத்துராணி இரண்டு நாள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அவள் கணவன் தேவேந்திரன் ஓட்டலில் சாப்பிட்டான். மூன்றாம் நாள் பாக்கியசீலன் வந்து, பாளையங்கோட்டையில் அஞ்சலிக் கச்சேரி வைக்கப்போவதாகச் சொன்னான். கடைசிப் பாட்டு தோணிப் பாட்டுதான் என்றும் சொன்னான்.

அந்தத் தோணிப் பாட்டின் கதை தனி. மரகதவல்லி அதைப் பாடிய படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போய்விட்டது. மற்ற ஊர்களில் எல்லோரும் பாட்டையும் மறந்தார்கள். ஆற்றங்கரை ஊர்களில் மட்டும் அது இல்லாமல் கல்யாணம் இல்லை. காரணம், சவுண்ட் சர்வீஸ் சங்கிலிபூதத்தான். அவரிடம் அந்த இசைத்தட்டு இருந்தது, தாலி கட்டி முடித்ததும் அதைத்தான் போடுவார். எப்போதாவது ரேடியோவில் அதே பாட்டு கொஞ்சம் இழுவையாக வந்தால், “ஸ்டேஷன்ல கரண்டு கம்மி போல” என்று நம் ஆட்கள் ரேடியோவுக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

முத்துராணி அதைக் கற்றதும் சங்கிலிபூதத்தானின் குழாய் ஒலிபெருக்கியிலிருந்துதான். சரணத்தில் ஓர் உச்சி ஸ்வரம் வரும். இளவயதில் விளையாட்டாகத் தொட்டாள். நாற்பத்தைந்து வயதில் தொண்டை அந்த இடத்துக்கு வராமல் முரண்டு பிடித்தது. போன இரண்டு கொடைகளிலும் உச்சி வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, “நீங்க பாடுங்க” என்று தப்பித்தாள். கூட்டமும் குஷியாகப் பாடியது. இந்தத் தில்லுமுல்லு பாக்கியசீலனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

“யக்கா, அஞ்சலிக் கச்சேரியில போயி மைக்க நீட்ட முடியாதுல்லா” என்றான் அவன். அவள் சுக்கு, கற்கண்டு என்று மென்று தீர்த்தாள். உயிருக்கு உயிரான ஐஸ் சர்பத்தை ஒரு மாதம் தொடவில்லை. உச்சி மட்டும் வரவே இல்லை.

கச்சேரிக்கு முதல் நாள் மெட்ராஸிலிருந்து பஞ்சாபகேசன் வந்தார். தோணிப் பாட்டின் ஒலிப்பதிவில் அக்கார்டியன் வாசித்த அதே மனிதர். ஒத்திகையில் அவர் ஒரு சுருதியில் ஆரம்பிக்க, இவள் வேறொன்றில் ஆரம்பித்தாள்.

“எங்கேம்மா போறீங்க? அவங்க ஒன்றரைக் கட்டை கீழேன்னா பாடினாங்க” என்றார்.

சங்கிலிபூதத்தானை செட்டோடு வரவழைத்தார்கள். தட்டு சுழல்வதைக் கொஞ்ச நேரம் பார்த்த பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். “இது பிசாசு மாதிரி ஓடறதே ஐயா. வேகம் ஏறினா சுருதியும் ஏறாதோ?”

“பழைய மோட்டாரு எரிஞ்சுபோச்சு, எமர்ஜென்சிக்கு முந்தி. அவசரத்துக்கு வேற ஒண்ண மாட்டுனேன். சத்தம் நல்லாத்தான வே இருந்துச்சு?” என்றார் சங்கிலிபூதத்தான்.

அசல் சுருதியில் முத்துராணி பாடிப் பார்த்தாள். உச்சி தானாக வந்து உட்கார்ந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் சந்தோஷம். ஆனால் அந்த நிதானத்தில் முதல் முறையாக வார்த்தைகள் காதில் விழுந்தன. தோணி வந்துவிட்டது, வரவேண்டியவன் அதில் இல்லை என்கிறாள் ஒரு பெண்.

“சார், இது அழுகப் பாட்டுல்லா” என்றாள் முத்துராணி.

சங்கிலிபூதத்தான் தலையில் கை வைத்தார். “இதப் போட்டுல்லா நான் இம்புட்டுக் கல்யாணத்த நடத்தி வச்சிருக்கேன்.”

மறுநாள் மாலை மைதானம் நிரம்பிவிட்டது. முத்துராணி மேடையேறினாள். கீழே இறக்கிப் பாடினால், குரல் போய்விட்டது என்பார்கள். பொய்யும் இல்லையே. தோணிப் பாட்டை எடுத்தாள்.

“யக்கா, கரண்டு இல்லையா?” என்று ஒருவன் கூவினான். மைதானமே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. விடாமல் பாடினாள். சரணம் வந்தபோது கடலை விற்றவர்கூடத் தட்டை இறக்கிவைத்துவிட்டு நின்றார். உச்சியை முழுசாகத் தொட்டு முடித்ததும் கைதட்டல் அடங்கவே நேரமானது.

அதே குரல் மறுபடி கேட்டது. “யக்கா, இது அந்தம்மா பாட்டு. நம்ம பாட்டு எங்க?”

முத்துராணி மைக்கை இறுக்கிப் பிடித்தாள். பிறகு சொல்லிவிட்டாள். “நம்ம பாட்டு எனக்கு இப்ப எட்டலைய்யா. ரெண்டு கொடையா உங்கள ஏமாத்திக்கிட்டு வாரேன். உச்சி வரும்போது மைக்க உங்க பக்கம் திருப்பிருதேன்.”

“அது தெரியும்க்கா. அதுக்குத்தான நாங்க சத்தமாப் பாடுதோம்.”

அவள் மைக்கை நீட்டினாள். மைதானம் முழுக்க ஒன்றரைக் கட்டை உயரத்தில், தலைதெறிக்கும் வேகத்தில், கல்யாண வீட்டுக் குஷியோடு தோணிப் பாட்டு கிளம்பியது. பஞ்சாபகேசன் அக்கார்டியனில் கட்டையைத் தேடித் தேடிப் பின்னால் ஓடினார்.

முத்துராணி மேடை ஓரமாகப் போய் ஒரு ஐஸ் சர்பத் வாங்கிவரச் சொன்னாள். அவர்கள் உச்சிக்குப் போகும்போது இவள் பாதி தம்ளரைக் குடித்து முடித்திருந்தாள்.